மற்ற நிறுவனங்களோடு சப்ளை செயின் எண்களைப் பகிர்ந்து ஒப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

கிடங்குச்சாவி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர அளவு உற்பத்தி நிறுவனம் ஒன்றில் கிடங்கு, டெஸ்பாட்ச், பாதித் திட்டமிடல் என எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் எம்.டி. ஒரு கூட்டத்தில் "நாம் வைத்திருக்கும் ஸ்டாக் அதிகமா, குறைவா? மற்றவர்கள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். போன வருஷத்தைவிடக் குறைத்திருக்கிறோம் சார் என்றேன். "போன வருஷமே நாம் மோசமாக இருந்திருந்தால்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சரி, வெளியே கேட்டுத்தான் பார்ப்போமே என்று, தெரிந்த ஏழு நிறுவனங்களைப் பிடித்தேன். எங்களோடு சேர்த்து எட்டு. பெரும்பாலும் வேறு வேறு பொருள் செய்பவர்கள், ஆனால் இரண்டு பேர் மட்டும் ஒரே சந்தையில் மோதிக்கொள்பவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்திப்பது, ஒவ்வொருவரும் தங்கள் எண்களைக் கொண்டுவருவது, நல்லது ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

முதல் கூட்டம் முடிந்தது. படுதோல்வி என்று சொல்ல முடியாது, ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் கையில் ஒன்றுமில்லை. ஒருவர் சரியான நேரத்தில் டெலிவரி 97 சதவீதம் என்கிறார், அவருடைய வாடிக்கையாளர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் தினமும் புலம்புகிறார். இன்னொருவர் 81 என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்புறம் 'நாங்கள் செய்த நல்ல முறை' என்று ஆளாளுக்கு இருபது ஸ்லைடு. எல்லாவற்றிலும் ஒரு அம்புக்குறி மேலே போகிறது. எங்கே தடுக்கியது, எதை விட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட.

இதற்கிடையே ஒருவருடைய சட்டப் பிரிவு "இப்படி உட்கார்ந்து பேசுவதே சிக்கல்" என்று சொல்லிவிட்டதாம். அவர் இப்போது வருவதா வேண்டாமா என்று இருக்கிறார்.

இதைத் தொடர்வது உபயோகமா? எந்த எண்களை வைத்துக்கொள்ளலாம்? சட்டப் பயம் நியாயமானதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


எக்செல்அடிமை எழுதியது:

உங்கள் 97-க்கும் 81-க்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். 97 சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தத் தேதியோடு ஒப்பிடுகிறீர்கள்? வாடிக்கையாளர் கேட்ட தேதியா, நீங்கள் முதலில் ஒப்புக்கொண்ட தேதியா, இல்லை கடைசியாக மாற்றி எழுதிய தேதியா?

நானே இப்படி ஒரு ஒப்பீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் வாடிக்கையாளர் கேட்ட தேதியை வைத்துக் கணக்குப் போட்டுக் கடைசி இடத்தில் இருந்தோம். முதலிடத்தில் இருந்தவர்களுடைய சிஸ்டத்தில், ஆர்டர் தாமதமாகும் என்று தெரிந்ததும் சேல்ஸ் ஆள் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவார், புதுத் தேதியில் போய்ச் சேர்ந்தால் அது 'சரியான நேரம்'. மூன்று முறை தள்ளிப்போன ஆர்டரும் பச்சை நிறத்தில் இருந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் அகராதியில் அதுதான் அர்த்தம், அவ்வளவுதான்.

அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் வரையறை. இதை நீங்களே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சப்ளை செயின் வேலைகளை எப்படி அளப்பது என்று தொகுத்து வைத்த ஸ்கோர் மாடல் என்று ஒன்று 1996-இல் இருந்தே இருக்கிறது. சப்ளை செயின் கவுன்சில் என்ற அமைப்பு உருவாக்கியது, 2014-இல் அது அப்பிக்ஸ் என்ற இன்னொரு தொழில்முறை அமைப்போடு இணைந்தது, இப்போது ஏ.எஸ்.சி.எம். என்ற பெயரில் அதைப் பராமரிக்கிறார்கள். ஒவ்வொரு அளவுகோலுக்கும் எதைக் கூட்ட வேண்டும், எதால் வகுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முழுவதையும் எடுத்தால் மூச்சு முட்டும், ஐந்தாறு போதும்.

அதில் இருக்கும் 'பெர்ஃபெக்ட் ஆர்டர்' என்ற கருத்து மட்டும் எல்லோருக்கும் ஒரு முறை கன்னத்தில் அறையும். நேரத்துக்கு வந்ததா, முழு அளவில் வந்ததா, உடையாமல் வந்ததா, பில்லும் காகிதங்களும் சரியா என்று நான்கையும் ஒரே ஆர்டர் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் வைத்திருப்பவர் பெருமையாக இருப்பார். தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொண்டு நான்கையும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 81.5 தான் வரும். அந்தத் தலைகுனிந்தவர் சொன்ன 81 அப்படி வந்த எண்ணாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. உங்கள் எட்டுப் பேரில் அவர்தான் நேர்மையாக அளந்தவராக இருக்கலாம்.

ஸ்டாக் சுழற்சியிலும், அதாவது வருஷத்தில் இருப்பு எத்தனை முறை விற்றுத் திரும்ப நிரம்புகிறது என்பதிலும், இதே கதை. விற்பனை 120, அடக்கவிலை 80, சராசரி இருப்பு 10 என்று வையுங்கள். விற்பனையை வகுத்தவர் வருஷத்துக்கு 12 சுற்று என்பார், அடக்கவிலையை வகுத்தவர் 8 என்பார். இரண்டு பேரும் ஒரே கிடங்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் சராசரி இருப்பு என்பது மாதக் கடைசி நாள் இருப்பா, தினசரி இருப்பா என்பது இன்னொரு தலைவலி. மாதக் கடைசியில் எல்லாரும் லாரியில் ஏற்றித் தள்ளிவிடுவோம், அன்றைக்குக் கிடங்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஃபோர்காஸ்ட் துல்லியம் இதைவிட மோசம். இரண்டு பொருள், இரண்டுக்கும் 100 என்று கணித்தீர்கள். ஒன்று 60 விற்றது, இன்னொன்று 140. மொத்தமாகப் பார்த்தால் 200-க்கு 200, நூற்றுக்கு நூறு. பொருள் வாரியாகப் பார்த்தால் 200-இல் 80 தப்பு, துல்லியம் 60 தான். யார் எந்த மட்டத்தில் அளக்கிறார்கள், எத்தனை வாரம் முன்னால் போட்ட கணிப்பு என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கவே வாங்காதீர்கள்.

எட்டுப் பேர் கூட்டத்தில் சராசரி எடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நிறுவனம் உள்ளே இருந்தால் சராசரி அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். நடு எண்ணையும் (எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது), மேல் கீழ் எல்லையையும் மட்டும் காட்டுங்கள்.


காகிதப்புலி எழுதியது:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் கொள்முதல் பிரிவில் இருந்தபோது இந்த இணக்கப் பயிற்சியில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

உங்கள் நண்பருடைய சட்டப் பிரிவு பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே சந்தையில் மோதும் இரண்டு பேர் ஒரே மேசையில் எண்களைப் பரிமாறுவது பல நாடுகளில் போட்டிச் சட்டத்தின் கண்ணில் படும் விஷயம். விலையை ஒப்பந்தம் போட்டு ஏற்றினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அடுத்த மாதம் எவ்வளவு உற்பத்தி, எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை, எந்த லாரி கம்பெனிக்கு என்ன ரேட் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொள்வதே சிக்கலாகலாம். கடைசியாகச் சொன்னது சப்ளை செயின் ஆட்கள் சாப்பாட்டு மேசையில் சர்வசாதாரணமாகப் பேசும் விஷயம், அதுதான் வேடிக்கை.

இந்தத் துறையில் பலர் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: குறைந்தது 5 நிறுவனங்கள், எந்த ஒன்றின் பங்கும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தகவல் 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் தொகுக்க வேண்டும், யாருடையது எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி சேர்த்துக் காட்ட வேண்டும். இது அமெரிக்க நீதித்துறையும் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையமும் 1996-இல் மருத்துவத் துறைக்காக வெளியிட்ட அறிக்கையில் உள்ள பாதுகாப்பு வளையம். மற்ற துறைகளும் அதையே அளவாகப் பிடித்துக்கொண்டன. 2023-இல் அந்த இரண்டு அமைப்புகளுமே அந்த அறிக்கையை விலக்கிக்கொண்டன. ஆக, இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இதைக்கூடச் செய்யாமல் பகிர்வது அதைவிட அசட்டுத்தனம்.

நடைமுறையில் நான் பார்த்து வேலை செய்தது இதுதான். எண்கள் எல்லாம் ஒரு மூன்றாம் நபருக்குப் போகட்டும், கணக்காளரோ ஆலோசகரோ. அவர் நடு எண்ணையும் உங்கள் சொந்த இடத்தையும் மட்டும் உங்களுக்கு அனுப்புவார். மற்றவர்களுடைய தனித்தனி எண்ணை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கூட்டத்தில் பேசுவது எப்படிச் செய்கிறோம் என்பது மட்டும், எவ்வளவுக்கு என்பது இல்லை. மோதிக்கொள்ளும் அந்த இரண்டு பேரில் ஒருவரை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டால் உங்கள் தலைவலி பாதி குறையும். முக்கியமாக, தொடங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிடுங்கள்.

ஏ.பி.க்யூ.சி. என்ற அமைப்பு வெளியிட்ட பெஞ்ச்மார்க்கிங் (இப்படி மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவது) நடத்தை விதி ஒன்று இருக்கிறது, தேடிப் படியுங்கள். அதன் சாரம் ஒரு வரிதான்: நீ கொடுக்கத் தயாராக இல்லாததைப் பிறரிடம் கேட்காதே. சட்டத்தைவிட இந்த ஒரு வரி கூட்டத்தை ஒழுங்காக வைக்கும்.


பாலட்ராஜா எழுதியது:

மேலே இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு இந்த எண் விளையாட்டில் பெரிய நம்பிக்கை இல்லை. எண் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பிடும் தொழிலே ஒரு விதத்தில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஜெராக்ஸ் 1979 வாக்கில் ஜப்பானியப் போட்டியாளர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, முதலில் தயாரிப்புச் செலவை ஒப்பிட்டார்கள். பிறகு கிடங்கு வேலையை யாரோடு ஒப்பிடுவது என்று தேடியபோது, போய் நின்றது எல்.எல். பீன் என்ற தபால் ஆர்டர் நிறுவனத்தின் வாசலில். அவர்கள் விற்பது பூட்ஸ், கூடாரம், வேட்டைக்குப் போகிறவர்களுக்கான உடுப்பு. நகல் இயந்திர நிறுவனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விதவிதமான அளவில் சின்னச் சின்னப் பொருளைக் கையால் எடுத்து அடுக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்று, ஆனால் பீன் ஆட்கள் ஜெராக்ஸ் ஆட்களைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆர்டர் வரிகளை (ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு வரி) எடுத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வேகமாக ஓடும் பொருளை நடைபாதைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், ஆர்டரை வந்த வரிசையில் எடுக்காமல் நடக்கும் தூரம் குறையும்படி பிரித்தார்கள். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் போட்டியாளர் கிடையாது. காகிதப்புலி சொன்ன பயம் எதுவும் அங்கே வரவே வராது. உங்கள் குழுவில் வேறு வேறு பொருள் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள், அதுதான் உங்கள் பலம். டொயோட்டா தன் சப்ளையர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து ஒருவர் தொழிற்சாலையை இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வைத்த முறைக்கு ஜிஷுகென் என்று பெயர். அதிலும் நேரடிப் போட்டியாளர்களை ஒரே குழுவில் போடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒரு முறை வேறு துறை நிறுவனம் ஒன்றின் கிடங்குக்குப் போனோம். லாரி வந்து நின்றதிலிருந்து சரக்கு அலமாரியில் ஏறும்வரை எங்களுக்கு ஒரு நாள், அவர்களுக்கு மூன்று மணி நேரம். பெரிய சாஃப்ட்வேர் ஏதோ வைத்திருப்பார்கள் என்று எங்கள் ஐ.டி. ஆள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அங்கே போய் இறக்கும் மேடையில் ஒரு மணி நேரம் சும்மா நின்றோம். லாரி வந்தது, கதவைத் திறந்தார்கள். ஒவ்வொரு பாலட்டிலும் (சரக்கை அடுக்கும் தட்டு) லேபிள் கதவைப் பார்த்தபடி ஒட்டியிருந்தது, ஒரே உயரத்தில். ஸ்கேனரோடு நின்ற பெண் ஓரடிகூட நகரவில்லை, பாலட் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் இடத்தில் ஒவ்வொரு பாலட்டையும் சுற்றி வந்து லேபிளைத் தேடுவோம், சில சமயம் நடுப் பெட்டியில் இருக்கும், பிரித்துப் பார்ப்போம். அவர்கள் சப்ளையரிடம் இதை எப்படிச் செய்ய வைத்தீர்கள் என்று கேட்டேன். "அவர்களைக் கூப்பிட்டு இந்த மேடையில் ஒரு நாள் நிற்க வைத்தோம்" என்றார் சூப்பர்வைசர்.

இருபது ஸ்லைடில் இது வந்திருக்குமா? வராது. அவர்களுக்கே அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. அதனால் ஸ்லைடைத் தடை செய்யுங்கள், முறை வைத்து ஒவ்வொருவர் கிடங்கிலும் கூட்டம் போடுங்கள். கூட்டம் நடத்துபவர் தான் முயன்று தோற்ற ஒன்றையாவது காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் ஆள் நீங்களே போங்கள், இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.


பில்தேதி எழுதியது:

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசிவிடுகிறேன். நான் சப்ளையர் பக்கம் உட்கார்ந்திருப்பவன்.

பெஞ்ச்மார்க் என்ற வார்த்தையை நான் கேட்கும்போதெல்லாம் அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வரும். "எங்கள் துறையில் சிறந்த நிறுவனங்கள் 90 நாளில் பணம் கொடுக்கின்றன, நாங்கள் 45 நாளில் கொடுக்கிறோம், எனவே இனி..." என்று. ரொக்கச் சுழற்சி நாட்கள் என்ற அளவுகோல் இருக்கிறதே, ஸ்டாக் நாட்களையும் வசூல் நாட்களையும் கூட்டி, நாம் சப்ளையருக்குக் கொடுக்கும் நாட்களைக் கழிப்பது. அதைக் குறைக்க மிகச் சுலபமான வழி கடைசி எண்ணை நீட்டுவது. கிடங்கில் ஒரு பெட்டிகூட அசைய வேண்டாம், பேனா அசைந்தால் போதும். ஸ்டாக்கும் அப்படித்தான், என் கிடங்கில் என் பணத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் சுழற்சி 20 என்று மேடையில் பேசுவார்கள். சரக்கு குறையவில்லை, முகவரிதான் மாறியது.

ஆகையால் உங்கள் எட்டுப் பேரும் எண்ணைப் பகிரும்போது, இது யார் தலையில் ஏற்றி வந்தது என்று ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிடுவதைவிட உங்கள் மேலும் கீழும் இருப்பவர்களோடு பகிர்வதில்தான் பெரிய லாபம் இருக்கிறது என்பது என் எண்ணம். குழந்தை டயப்பர் உதாரணம் தெரிந்திருக்கும். குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, ஆனால் டயப்பர் செய்யும் பி. அண்ட் ஜி. நிறுவனத்துக்கு வரும் ஆர்டர் ஏறி இறங்கியது, அவர்கள் மூலப்பொருள் சப்ளையருக்குப் போகும் ஆர்டர் அதைவிடக் குதித்தது. 1997-இல் லீ, பத்மநாபன், வாங் மூன்று பேரும் இதைச் சாட்டை விளைவு என்று விளக்கி எழுதினார்கள். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவருடைய ஆர்டரை மட்டும் பார்க்கிறார்கள், உண்மையான விற்பனையைப் பார்ப்பதில்லை, அதுதான் ஒரு பெரிய காரணம். எனக்கு என் வாடிக்கையாளருடைய வாராந்திர விற்பனை எண் கிடைத்தால் போதும், எந்த பெஞ்ச்மார்க்கும் வேண்டாம், பாதுகாப்புக்காக நான் வைத்திருக்கும் ஸ்டாக்கில் ஒரு பகுதியை நாளைக்கே குறைப்பேன்.


எக்செல்அடிமை எழுதியது:

பில்தேதி சொல்வதில் பாதி ஏற்கிறேன். ஆனால் விற்பனை எண்ணைக் கொடுத்தால் மட்டும் சாட்டை நிற்காது. மாதக் கடைசித் தள்ளுபடியும், முழு லாரி நிரம்பும்வரை ஆர்டரைச் சேர்த்து வைப்பதும், சரக்குத் தட்டுப்பாடு என்று தெரிந்ததும் இரண்டு மடங்கு ஆர்டர் போடுவதும் இருக்கும்வரை அது ஆடத்தான் செய்யும், அதே கட்டுரையிலும் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் பத்தி, அதாவது யார் தலையில் ஏற்றினோம் என்பது, அருமை. திருடிக்கொள்கிறேன்.


கிடங்குச்சாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

படித்துவிட்டு மூன்று விஷயம் செய்தேன். மோதிக்கொள்ளும் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன், ஒருவர் தானே விலகிக்கொண்டார், நிம்மதியாகக்கூட உணர்ந்தார் போலிருந்தது. சட்டப் பிரிவு பயமுறுத்திய நண்பர், எண்களை வெளிக் கணக்காளர் தொகுப்பார் என்றால் வருகிறேன் என்கிறார். அந்த 97 சதவீதக்காரரிடம் எந்தத் தேதி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை, பிறகு "மாற்றிய தேதிதான்" என்றார். எக்செல்அடிமை, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பாலட்ராஜா சொன்ன லாரியிலிருந்து அலமாரிவரை நேரத்தை எங்கள் சிஸ்டத்தில் எடுத்துப் பார்த்தேன், சராசரி 4 மணி நேரம். பரவாயில்லையே என்று இருந்தது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்து வாட்ச்மேனிடம் போய் கேட் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். சிஸ்டத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குவது சரக்கு ரசீது போடும்போது. ரசீது போடுவது லாரி உள்ளே வந்து, வரிசையில் நின்று, சில சமயம் இரவெல்லாம் நின்று, இறக்கி முடித்த பிறகு. போன மாதத்தில் நாற்பது லாரிக்கு மட்டும் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுக் கையால் கணக்குப் போட்டேன். நடு எண் 19 மணி நேரம்.

அடுத்த கூட்டம் எங்கள் கிடங்கில்தான். தோற்ற ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற விதிக்கு இதையே வைத்துக்கொள்ளப் போகிறேன், ரிஜிஸ்டரையே மேசையில் போட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எம்.டி.யிடம் சொல்லியாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை.